எல்லை இச்சி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் அண்ணே, இது நான் பார்த்தது இல்லை. கேட்டது. செல்லக்கிளி அக்கா சொன்னது பாதி, மூங்கில்பள்ளம் டீக்கடையில் காதில் விழுந்தது மீதி. நான் அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது மரம் இல்லை, அடிக்கட்டைதான் இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். அது ஒன்றுதான் என் கண்ணால் கண்டது. மற்றதையெல்லாம் அவர்கள் சொன்னபடியே சொல்கிறேன். எங்கேயாவது நான் கூட்டிச் சொல்கிற மாதிரி தெரிந்தால் நிறுத்திவிடுங்கள்.

ஜன்னலைச் சாத்த வேண்டாம், காற்று வரட்டும். பஸ் மலை ஏறி வளைவுகள் ஆரம்பித்தால் எனக்கு ஒத்துக்கொள்ளாது. பேசிக்கொண்டே போனால் தெரியாது. மேலே அந்தப் பலகைக் கட்டு நழுவவில்லையே? கொஞ்சம் பாருங்கள். அதற்குள் காகிதத்தில் இலைகள் இருக்கின்றன. அதைப் பார்த்துத்தானே என்ன வேலை என்று கேட்டீர்கள்? அத்தி மரங்களைக் கணக்கெடுக்கிறேன். காட்டு அத்திகளை. எது எங்கே நிற்கிறது, எந்த மாதம் காய்க்கிறது, எந்தப் பறவை வந்து தின்கிறது, அதுதான் வேலை. சிரிக்காதீர்கள். எங்கள் வீட்டிலும் சிரித்தார்கள். அப்பா வேடசந்தூரில் நூல் மில்லில் வேலை பார்த்தார். வீட்டில் காலேஜ் வாசலை மிதித்தது நான்தான். எம்.எஸ்ஸி முடித்துவிட்டு அத்திக்காய் பொறுக்குகிறான் என்று சித்தப்பா தெருவெல்லாம் சொல்லிவிட்டார். தற்காலிக வேலைதான், திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்துவிடும். அது வேறு கதை.

மரத்துக்கு வருகிறேன்.

இந்த மலையில் அத்திக் கூட்டம் நிறைய, அண்ணே. ஓடையை ஒட்டி அத்தி நிற்கும், அடிமரத்திலேயே கொத்துக்கொத்தாய்க் காய்த்து. கொஞ்சம் மேலே பேயத்தி, உள்ளங்கையை உரசினால் தோல் வழன்று போகிற மாதிரி இலை. அதில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. பாறை வெடிப்பில் கல்லிச்சி, சுருக்கமாக இச்சி என்பார்கள். இச்சிக்கு மண்கூட வேண்டாம். குக்குறுவான் பறவை பழத்தைத் தின்றுவிட்டு வேறொரு மரத்தின் கவட்டையில் எச்சம் போட்டால் அங்கேயே முளைக்கும். அங்கிருந்து வேரைக் கீழே விடும். வேர் தரையைத் தொட்டதும் தடிக்கும். தடித்து, ஒன்றோடொன்று ஒட்டி, உள்ளே இருக்கிற மரத்தைச் சுற்றி அடைத்துவிடும். உள்ளே இருப்பது கடைசியில் செத்து மக்கிப்போகும். இச்சி மட்டும் நிற்கும், நடுவில் பொந்தோடு.

மூங்கில்பள்ளத்தில் அது ஒரு பலாவின் மேல் ஏறியிருந்தது. யாரும் நட்ட பலா இல்லை, காட்டுப் பலா. தாவரவியலில் அத்தியும் ஆலும் பலாவும் ஒரே குடும்பம். சொந்தக்காரனையே நெரித்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் இதை நடத்தும்போது நாங்கள் சிரித்தோம்.

அந்தப் பலாதான் எல்லை. தவசி, நாகையா என்று அண்ணன் தம்பி இரண்டு பேர். இரண்டு பேருக்கும் காப்பித் தோட்டம். அவர்களின் அப்பா வாய்ச்சொல்லாகத்தான் பிரித்துக் கொடுத்திருக்கிறார். பலாவுக்கு மேலே பெரியவனுக்கு, கீழே சின்னவனுக்கு. சரிவு நிலம், அதனால் மேல், கீழ். அப்போதே பலாவின் மேல் இச்சி இருந்திருக்கிறது. பிறகு பலா போய்விட்டது. இச்சியே எல்லையாக நின்றது. அதில் யாருக்கும் தகராறு இல்லை.

தகராறு நிழலில் வந்தது. தவசி அண்ணனின் காப்பிச் செடிகள் அந்தப் பக்கம் பூக்கவே இல்லை. காப்பிக்கு நிழல் வேண்டும், இவ்வளவு வேண்டாம். குரங்கு வேறு. டீக்கடையில் அவர் சொன்னாராம்: "அந்த மரத்துல உக்காந்துக்கிட்டு என் தோட்டத்தையே வேவு பாக்குதுக. ஒரு கமலா ஆரஞ்சு பழுக்க விடுதா? பிஞ்சுலயே கணக்கெடுத்து வச்சிருதுக."

நாகையா அண்ணனுக்கு அந்த மரம் வேண்டும். அவர் வீடு மரத்துக்கு நேர் கீழே. மரத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் செங்குத்தான மண்மேடு. அந்த மேட்டை இச்சியின் வேர்தான் பிடித்துவைத்திருந்தது. நானும் பார்த்தேன், வேர்கள் இப்போதும் மண்ணில் விரல் விட்ட மாதிரிதான் இருக்கின்றன. "மரத்த எடுத்தா மொத மழைக்கு மண்ணு வந்து என் அடுப்பாங்கரையில உக்காந்துக்கும்ணே" என்று அண்ணனிடம் கெஞ்சியிருக்கிறார். "வேர வெட்ட மாட்டேன்டா, மரத்தத்தான் வெட்டுறேன்" என்று அவர். "மரம் செத்தா வேரு மட்டும் உயிரோட இருந்து எனக்குக் காவலிருக்குமா?" என்று இவர்.

ஊர்ப் பெரியதனக்காரரிடம் போனார்கள். அவர் ஊர் வழக்கத்தைச் சொன்னார். மூங்கில்பள்ளத்தில் காய்ப்பில் இருக்கிற மரத்தில் இரும்பு படக் கூடாது. எந்த மரமானாலும் சரி. "பழம் ஓயட்டும் தவசி. ஓஞ்சதும் வெட்டிக்க. நாகையா, நீயும் அதுக்கு மேல குறுக்க நிக்கக் கூடாது." இரண்டு பேரும் தலையாட்டிவிட்டு வந்தார்கள்.

இதைக் கவனியுங்கள் அண்ணே. அந்த மரம் காய்ப்பில் இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்? பழம் பட்டாணி அளவுதான், உச்சி கண்ணுக்கு எட்டாது. அதனால் தரையைப் பார்ப்பார்கள். பழம் உதிர்ந்து கிடந்தால் காய்ப்பு, கிடக்காவிட்டால் ஓய்ந்தது. ஊரில் எல்லா இச்சிக்கும் அப்படித்தான் பார்க்கிறார்கள்.

தையில் மேல்பக்கம் பழம் கிடந்தது. தவசி அண்ணன் பொறுத்திருந்தார். மாசி முடிகிறபோது ஓய்ந்தது. ஆட்களுக்குச் சொல்லியனுப்பினார். அவர்கள் வந்து நின்றபோது நாகையா அண்ணன் கீழ்ப்பக்கத்துக்கு வந்து பார்க்கச் சொன்னார். அங்கே பழம் உதிர்ந்திருந்தது. ஆட்கள் திரும்பிவிட்டார்கள். சித்திரை கழிந்து கீழ்ப்பக்கம் ஓய்ந்தது. அதற்குள் மேல்பக்கம் மறுபடியும் விழ ஆரம்பித்துவிட்டது. அது முடிந்தால் இது, இது முடிந்தால் அது. ஆட்கள் வருவதும் டீ குடித்துவிட்டுப் போவதுமாக இருந்தார்கள். "தவசி மரம் வெட்ட வர்றீங்களா, டீ குடிக்க வர்றீங்களா?" என்று கடையில் கேலி வேறு.

ஒரு நிமிஷம். போன். அக்காதான், என் கூடப் பிறந்தவள். மேலே போய்ப் பேசிக்கொள்ளலாம். காலையிலிருந்து விடவில்லை. அப்பா போவதற்கு முன்னால், மேலே படி என்றுதான் என்னிடம் சொன்னார். அவளிடம், தம்பியை வீட்டோடு வைத்துக்கொள் என்று சொன்னாராம். ஒரே மனிதர் இரண்டையும் எப்படிச் சொல்லியிருப்பார்? நான் பொய் சொல்லவில்லை. அப்படியென்றால் அவள்தானே. அதை விடுங்கள்.

தவசி அண்ணனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வராமல் இருக்குமா? அவர் அந்த மலையில் எத்தனை இச்சியைப் பார்த்திருப்பார். பழுத்தால் மரம் முழுக்க ஒரே சமயத்தில் பழுக்கும். பச்சைப்புறா, மைனா, மலையணில், குரங்கு எல்லாம் வந்து நாலு நாள் கூத்தடித்துவிட்டுப் போகும். பிறகு மரம் சும்மா நிற்கும். இந்த மரம் மட்டும் இப்படி. ஒருநாள் எல்லையில் குத்தவைத்து உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டுக் கேட்டாராம்: "என் பக்கம் மருந்துக்கு ஒரு பழம் இல்ல. உன் பக்கம் பாய் விரிச்சாப்புல கெடக்கு. ஒரே மரத்துக்கு ரெண்டு வயிறாடா நாகையா?"

"எனக்கென்னண்ணே தெரியும்? விழுகுது, கெடக்கு."

"விழுகுதா, விழுக வைக்கிறீங்களா?"

அந்தச் சமயம் பார்த்து ஒரு காரியம் நடந்திருக்கிறது. செல்லக்கிளி அக்கா, நாகையா அண்ணனின் மனைவி, ஆட்டுக்கு இலை ஒடிக்கப் பாறைப் பக்கம் போவார்கள். பாறைமேல் ஒரு கல்லிச்சி இருக்கிறது, இன்றைக்கும் இருக்கிறது. அதன் இலையை ஆடு விரும்பித் தின்னும். அக்கா கூடை நிறைய கொப்பும் இலையுமாகத் தலையில் வைத்துக்கொண்டு வந்ததைத் தவசி அண்ணனின் மனைவி பார்த்தார்கள். கொப்பில் பழமும் இருந்திருக்கிறது. பழம் இல்லாமல் எப்படி இருக்கும், இச்சிக் கொப்பு. அன்று சாயங்காலமே ஊர் முழுக்கப் பேச்சு. செல்லக்கிளி பாறையிலிருந்து பழம் கொண்டுவந்து மரத்தடியில் கொட்டுகிறாள் என்று.

"ஆட்டுக்குப் போட்டேன்னு சொன்னேன் தம்பி. ஆடு வந்து சாட்சி சொல்லுமா?" என்று அக்கா என்னிடம் கேட்டார்கள்.

பெரியதனக்காரரும் என்ன செய்வார்? கருப்பசாமி கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னார். பழம் தானாக விழுந்ததுதான், எங்கிருந்தும் கொண்டுவந்து போடவில்லை என்று. செல்லக்கிளி அக்கா உடனே நான் பண்ணுகிறேன் என்று எழுந்துவிட்டார்கள். நாகையா அண்ணன் விடவில்லை. "நீ எதுக்கு? மரத்துல காய்ச்சது காய்ச்சுச்சுன்னு சொல்றதுக்குச் சாமி எதுக்கு? உக்காரு" என்றாராம். சத்தியம் பண்ண மறுத்துவிட்டார். மறுத்ததும் ஊருக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது, அவர்கள்தான் போட்டார்கள் என்று.



மறுநாள் காலையில் நாகையா அண்ணன் அரிவாளை எடுத்துக்கொண்டு அந்த மரத்தில் ஏறியிருக்கிறார். வேரைப் பிடித்துப் பிடித்து உச்சி வரைக்கும். கீழ்ப்பக்கம் ஒரு பெரிய கொப்பை வெட்டினார். கொப்பு முழுக்கப் பழம், இலைக்கு இலை. அதைத் தரையில் இழுத்துக்கொண்டே அண்ணன் வீட்டு வாசலுக்குப் போய்ப் போட்டார்.

"பாருண்ணே. காம்போட இருக்கு. நாங்க கோந்து வச்சு ஒட்டுனதான்னு கிட்ட வந்து பாரு."

தவசி அண்ணன் கிட்டே வந்து பார்த்தார். உட்கார்ந்து ஒரு பழத்தைக் கிள்ளினார். காம்பிலிருந்து பால் வடிந்தது. விரலைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்:

"யாரு வெட்டுனது?"

"நான்தான்."

"அப்ப காய்ப்புல இருக்கையிலயே இரும்பு பட்டிருச்சு."

அவ்வளவுதான் அண்ணே. பெரியதனக்காரரிடம் போனால் அவர் என்ன சொல்வார்? எந்த வழக்கம் மரத்தைக் காத்ததோ, அதை நாகையாவே மீறியாகிவிட்டது. அந்த வாரமே ரம்பம் வந்தது. டீ குடிக்காமல் வேலையை ஆரம்பித்தார்களாம்.

தவசி அண்ணன் அந்த வார்த்தையைச் சொன்னபோது சிரித்தார் என்று டீக்கடையில் சொல்கிறார்கள். செல்லக்கிளி அக்கா, இல்லை, அவர் குரல் எழும்பவே இல்லை, கண் கலங்கியிருந்தது என்கிறார்கள். அக்காவுக்கு அவரை நல்லவராகக் காட்ட ஒரு காரணமும் இல்லை. இருந்தாலும் நான் இரண்டையும் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரியாது.

மண்மேடு சரிந்ததா என்று கேட்கப்போகிறீர்கள். எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். சரியவில்லை. இந்த ஐப்பசி மழைக்கும் நின்றுவிட்டது. ஆனால் மழை வலுத்தால் நாகையா அண்ணனும் அக்காவும் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுகிறார்கள். வேர் மக்குவதற்கு எத்தனை வருஷம் ஆகும் என்று அண்ணன் என்னிடம் கேட்டார். மண்ணைப் பொறுத்தது என்று சொன்னேன். அது உண்மைதானே.

என்ன கேட்டீர்கள்? ஆமாம், அக்கா இதையெல்லாம் என்னிடம் ஏன் சொன்னார்கள் என்றால், கணக்கெடுக்கப் போன எங்களுக்கு மத்தியானச் சோறு அவர்கள் வீட்டில்தான். நல்ல கை. சுரைக்காயில்கூட ருசி இருக்கும். நான் அத்தி மரம் பார்க்க வந்தவன் என்றதும் அவர்களுக்குப் பேச வேண்டும்போல் இருந்திருக்கிறது. முழுவதையும் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒன்று கேட்டார்கள். அகப்பையைக் கையில் பிடித்தபடி நின்று கேட்டார்கள்.

"தம்பி, நீங்க படிச்சவுக. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ஒரு மரத்துல ஒரு பக்கம் மட்டும் காய்க்குமா, காய்க்காதா?"

நான் யோசித்துத்தான் பதில் சொன்னேன், அவசரப்படவில்லை. "பொதுவா காய்க்காதுக்கா" என்றேன். காரணத்தையும் விளக்கினேன். அத்திக்குப் பூ காய்க்குள்ளேயே இருக்கிறது, ஒரு பொடிக் குளவி உள்ளே நுழைந்து முட்டையிடுகிறது, குஞ்சுகள் எல்லாம் ஒரே சமயத்தில் வெளியே வந்து வேறு மரத்துக்குப் பறக்கின்றன, அதனால் ஒரு மரத்தின் காய்கள் ஒன்றாகத்தான் முதிரும். அக்கா முழுவதும் கேட்டார்கள், குறுக்கே பேசவில்லை. "அப்படியா" என்றார்கள். அகப்பையோடு உள்ளே போய்விட்டார்கள். ரசம் ஊற்ற மறந்துவிட்டார்கள், நானும் கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து சாப்பாடு தூக்குவாளியில் வந்துவிடும், பக்கத்து வீட்டு அம்மா கொண்டுவந்து வைப்பார்கள். காப்பிப் பழம் பறிக்கிற சமயம், அக்காவுக்கு வேலை இருந்திருக்கும். வழியில் பார்த்தால் பேசுவார்கள், பேசாமல் இல்லை. முன்பு தம்பி என்பார்கள், இப்போது சார் என்கிறார்கள். நான் விளக்கிச் சொன்னதில் மரியாதை கூடியிருக்கிறது. எனக்குத்தான் அது கூச்சமாக இருக்கிறது. "தம்பின்னே கூப்பிடுங்கக்கா" என்றேன். "இருக்கட்டும் சார்" என்றுவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் அடிக்கட்டையைச் சரியாகப் பார்க்கப் போனேன். பெரிய வளையம், நடுவில் பலா இருந்த இடம் வெற்றிடம். ஆள் உள்ளே நிற்கலாம். நான் நின்று பார்த்தேன். சுற்றிலும் துளிர் விட்டிருந்தது, இச்சி லேசில் சாகாது. தவசி அண்ணன் அதைச் சுற்றி முள்வேலி போட்டிருக்கிறார், ஆடு வாய் வைக்காமல். ஆடு யாருடையது என்று உங்களுக்கே தெரியும். வெட்டிய பிறகும் கோபம் போகவில்லை பாருங்கள். தினமும் காலையில் வந்து முள்ளைச் சரிபண்ணிவிட்டுப் போகிறார், சமயத்தில் ஒரு குடம் தண்ணீரும் ஊற்றுகிறார். நான் அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "வளரட்டும்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

துளிரைத்தான் சொல்ல வந்தேன். மேல்பக்கத்துத் துளிர் செந்நிறத்தில் தளதளவென்று இருந்தது. கீழ்ப்பக்கத்தில் எல்லாம் முற்றிய பச்சை இலை, தளிர் ஒன்றுகூட இல்லை. ஒரே கட்டை, ஒரே வெயில். சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். வெட்டுப்பட்ட முகத்தையும் பார்த்தேன். வேர்கள் ஒட்டிய இடத்தில் கோடு மாதிரி இருந்தது. எல்லா இச்சியிலும் அப்படி இருக்கும், அதிலிருந்து எதுவும் சொல்ல முடியாது. இரண்டு பக்கத்து இலையையும் தனித்தனியாகப் பறித்தேன். மேலே அந்தப் பலகைக் கட்டுக்குள் இருப்பது அதுதான். இரண்டு காகிதம், ஒன்றில் மேல், ஒன்றில் கீழ் என்று எழுதியிருக்கிறேன். ஆடுகிறதா? பிடித்துக்கொள்ளுங்கள், அடுத்த வளைவு பெரியது. இந்த முறை தளிர் இன்னும் கொஞ்சம் எடுத்து எல்லாவற்றையும் சேர்த்துச் சோதனைச்சாலைக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் பார்த்துச் சொல்ல ஒரு வருஷம்கூட ஆகலாமாம்.

மதுரைக்குப் போய் எங்கள் பேராசிரியரைப் பார்த்தேன். அவர் ஒரு பழைய ஆய்வுக் கட்டுரையை எடுத்துக் கொடுத்தார். அதைப் படித்துவிட்டுத்தான் இப்போது திரும்புகிறேன்.

அக்காவிடமா? இல்லை, இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்ல முடியும்? அந்தக் கட்டுரை வேறு நாட்டு மரங்களைப் பற்றியது. கல்லிச்சியை யாரும் அப்படிப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. அரைகுறையாக ஒன்றைச் சொல்லி, பிறகு அது தவறாகப் போனால்? படித்தவன் சொன்னான் என்று நம்பிவிடுவார்கள். சோதனை முடிவு வரட்டும், உறுதியாகச் சொல்லலாம். ஒரு வருஷம்தானே. ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

நீங்கள் மூங்கில்பள்ளம் தாண்டித்தானே இறங்குகிறீர்கள்? பெட்டியை எடுக்கிறீர்களே. மூங்கில்பள்ளத்திலேயே இறங்கி, நீங்களே அக்காவிடம் சொல்ல... இல்லை அண்ணே, வேண்டாம். சொல்வதாக இருந்தால் நான்தான் சொல்ல வேண்டும். கேள்வி கேட்டது என்னிடம்தானே.

போன் மறுபடியும் அடிக்கிறது. அடிக்கட்டும்.

சரி, கேளுங்கள். நான் சரிபார்த்தது இவ்வளவுதான், இதில் என் கற்பனை ஒன்றும் இல்லை. மத்திய அமெரிக்காவில் ஒரு காட்டில், பிற மரங்களைச் சுற்றி நெரித்து வளர்ந்த அத்திகளின் வெவ்வேறு கொப்புகளிலிருந்து இலை எடுத்து மரபணுவைச் சோதித்திருக்கிறார்கள். ஒரே மரம் என்று அவர்கள் நினைத்துப் போனவற்றில் பெரும்பாலானவை ஒரு மரம் இல்லை. வெவ்வேறு விதையிலிருந்து முளைத்து, வேரோடு வேர் ஒட்டிப்போய், வெளியே ஒன்றாகத் தெரிகிற இரண்டு மூன்று மரங்கள்.